ரசலையனின் ஓமான் பயணமும் இடது காலும்

ரசலையனின் இரண்டு கைகளும் டயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. ரப்பர் ஷீட் அடிக்கிற கொட்டகையின் சிமென்ட் தரையில் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தைப் படுக்கப்போட்டிருந்தார். ஒரு லீவரை முழங்காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றை விளிம்புக்குள் நுழைத்து நெம்பினார். டயர் பாதி ஏறி வந்தது. பிறகு வழுக்கிப் பழைய இடத்துக்கே போனது. பஞ்சர் ஒட்டும் கடை கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. ஆனால் ஓமான் நாட்டு மணல்காட்டில் டயர் கிழிந்தால் குலசேகரத்துக் கடைக்காரர் ஓடி வரப்போவதில்லை. அதனால் ஐம்பத்தெட்டு வயதில் பஞ்சர் ஒட்டப் படித்துக்கொண்டிருந்தார்.

நேசபாய் அடுக்களை வாசலில் வந்து நின்றார். மகள் ஜாஸ்மியின் பிரசவத்துக்குப் பெங்களூர் போய் இருந்துவிட்டு நேற்றுத்தான் திரும்பியிருந்தார்.

"டயர் அங்கின கெடக்கட்டு. கால காட்டுங்க பாப்பம்."

"இப்பமா? ஜெபக்கூட்டத்துக்கு ஆளுவ வரப்போற நேரம்."

"நேத்துக் கேட்டதுக்கு உறக்கம் வருதுன்னீங்க. வீட்டுக்குள்ள என்னத்துக்கு காலுறை?"

"பூட்ஸுக்குப் பழகுதேன் பிள்ள."

நேசபாய் காலுறையை ஒருமுறை பார்த்தார். அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டதால் உள்ளே போனார். ரசலையன் மூச்சை விட்டுவிட்டு மறுபடி லீவரைப் பிடித்தார்.

ஓமானில் இருபது வருஷத்துக்கு மேல் தண்ணீர் டேங்கர் ஓட்டியவர் அவர். மண்சாலை போடுகிற கம்பெனி. தேங்காப்பட்டணத்து ஷஹீர் கிரேடர் வண்டியால் மண்ணை நிரவிக்கொண்டு முன்னால் போவார். ரசலையன் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு பின்னால் வருவார். அதற்குப் பின்னால் ரோலர் வந்து அமுக்கும். இருவருக்கும் ஒரே அறை, ஒரே குழம்பு. லீவு நாளான வெள்ளிக்கிழமை துணி துவைப்பதோடு முடிந்துவிடும். ஒரு பக்கம் வேலை தீர்ந்ததும் கம்பெனி முகாமைப் பிரித்து வேறிடத்துக்கு ஏற்றிவிடும். நனைத்துவிட்ட வழிகள் மலைக்கு அந்தப் பக்கம் எங்கே போய்ச் சேர்கின்றன என்று அவர் பார்த்ததே இல்லை. ஊர் திரும்பி, சொந்த ரப்பர் மரங்களில் பால் வெட்டத் தொடங்கிய பிறகும் இது மனதில் அரித்துக்கொண்டே இருந்தது. ஒருநாள், தன்னைப் போலவே ஊர் திரும்பியிருந்த ஷஹீரிடம் சொன்னார். ஷஹீர் சிரிக்கவில்லை.

"நான் நிரத்துன வழி, நீ நனச்ச வழி. ஒரு தடவ ஓட்டிப் பாக்காண்டாமா மக்கா?"

அப்படித்தான் தொடங்கியது. மஸ்கட்டில் வாடகைக்கு இரண்டு வண்டி எடுப்பது. நிஸ்வா மலையை மண்வழியிலேயே ஏறி இறங்குவது. வஹீபா மணல்மேடுகளின் ஓரமாகக் கடலைப் பிடித்து, சலாலா வரை போவது. தார்ச்சாலையில் முடிந்தமட்டும் ஏறக் கூடாது. ஒரு பெட்ரோல் பங்குக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு தூரம், மணலில் டயர்க் காற்றை எவ்வளவு குறைப்பது என்று சனிக்கிழமைதோறும் உட்கார்ந்து பேசினார்கள். காய்ந்து கிடக்கிற ஆற்றுப்படுகையில் கூடாரம் அடிக்கக் கூடாது, எங்கோ பெய்த மழை இங்கே வெள்ளமாக வரும் என்பதை இருவரும் நேரில் கண்டிருந்தார்கள். பேசியது போதாதென்று தேங்காப்பட்டணத்துக் கடற்கரையில் வண்டியை மணலில் இறக்கிப் பழகினார்கள். ரசலையன் விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். மீன் வாங்க வந்த ஒரு பெண் கூடையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தாள்.

"அண்ணே, வண்டி ஓட்டுதியளா, நட்டு வைக்கியளா?"

நேசபாய் மறிக்கவில்லை. கணவர் வெளிநாட்டில் இருந்த காலத்தில் திருவனந்தபுரத்தில் வீடு வீடாக ஹோம் நர்ஸ் வேலை பார்த்தவர் அவர். சர்க்கரை நோயாளிகளின் கால்களை வருஷக்கணக்காகக் கழுவித் துடைத்திருக்கிறார். அவற்றில் சில கால்கள் பிறகு இல்லாமல் போனதையும் பார்த்திருக்கிறார். ரசலையனுக்கும் சர்க்கரை உண்டு. அதனால் ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்தார்.

"போங்க. நெதமும் ராத்திரி உங்க கால நான் பாக்கணும். தோல் பொட்டிச்சுன்னா போக்கு இல்ல. சம்மதமா?"

"சம்மதம்."

நேசபாய் பெங்களூருக்குப் போன பிறகுதான் புது பூட்ஸ் வந்தது. ரசலையன் அதை மாட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்து மேட்டுவழியெல்லாம் ஏறி இறங்கினார். இடது பெருவிரலுக்குக் கீழே கொப்பளித்திருக்கிறது, உடைந்திருக்கிறது. அவருக்கு எதுவும் தெரியவில்லை. காலுறையில் கறை கண்ட பிறகுதான் காலைத் திருப்பிப் பார்த்தார். வலி இல்லை. வலியில்லாததால் பெரிதாக ஒன்றும் இருக்காது என்று தானே முடிவுசெய்து, களிம்பு பூசிப் பஞ்சு வைத்துக் காலுறையை இழுத்துவிட்டார். சர்க்கரைக்காரரின் பாதம் பொய் சொல்லும். அதை நம்பிக் கெட்டவர்கள் அநேகம்.

விமான டிக்கெட் எடுத்தாகிவிட்டது. கிறிஸ்துமஸ் கழிந்ததும், அங்கே வெயில் தணிந்திருக்கும் குளிர்காலத்தில் பயணம். நேசபாய் கண்டால் அதோடு முடிந்தது. ஷஹீரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் ராத்திரிகளில் பயம் தட்டியது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சபை மூப்பர் பொன்னுலிங்கத்திடம் போனார்.

"அண்ணே, எடது பெருவிரலுக்குக் கீழ பூட்ஸ் உரசி ஒரு புண்ணு, பஞ்சு வச்சு மூடியிருக்கேன். கொஞ்சம் ஜெபிக்கணும். நேசபாய் அறியண்டாம்."

"என் வாயில இருந்து ஒரு மனுஷன் அறியமாட்டான் தம்பி."

அது உண்மைதான். பொன்னுலிங்கம் தன் காதில் விழுந்ததை மனிதர் எவரிடமும் சொன்னதில்லை. கடவுளிடம் மட்டும் எதையும் மறைக்க மாட்டார். பேர், ஊர், நோய், அது வந்த விதம் எல்லாவற்றையும் உரத்த குரலில் ஒன்றுவிடாமல் சொல்லித்தான் ஜெபிப்பார். இந்த மாதத்து வீட்டு ஜெபக்கூட்டம் தன் வீட்டில்தான் என்பது ரசலையனுக்கு ஓர்மையில் இருந்தது. பொன்னுலிங்கத்தின் ஜெபம் எப்படியிருக்கும் என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்துத்தான் யோசிக்கவில்லை.

கூட்டத்துக்கு ஆட்கள் வந்து, பாட்டு முடிந்து, வேதபாடம் முடிந்து, எல்லோரும் கண்ணை மூடினார்கள். பொன்னுலிங்கம் எழுந்து நின்றார். மழைக்காக, ரப்பர் விலைக்காக, ஜாஸ்மியின் குழந்தைக்காக ஜெபித்தார். பிறகு குரல் கனிந்தது.

"ஆண்டவரே, உமக்கு மறைவானது ஒன்றுமில்லை. உம்முடைய பிள்ளை ரசலையனின் இடது கால் பெருவிரலுக்குக் கீழே, பூட்ஸ் உரசி உண்டான புண்ணை நீர் அறிவீர். மனைவிக்குத் தெரியாமல் பஞ்சு வைத்து மூடியிருக்கிறதையும் அறிவீர். சகோதரி நேசபாய் மனம் கலங்காதபடிக்கு, அவர்களுக்குத் தெரியவருவதற்கு முன்னே சுகம் தாரும் சாமி..."

ரசலையன் ஒரு கண்ணைத் திறந்தார். எதிரே நேசபாய் இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமென்," என்று எல்லோரும் சொன்னார்கள். நேசபாயும் சொன்னார்.

பிறகு கட்டன் சாயாவும் ஏத்தம்பழ பஜ்ஜியும் வந்தன. நேசபாய் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பொன்னுலிங்கத்துக்கு மட்டும் இரண்டு பஜ்ஜி கூடுதலாக வைத்தார்.

"வேண்டாம் பிள்ள."

"தின்னுங்கண்ணே. நல்ல வெவரமா ஜெபிச்சீங்க."

கடைசி ஆள் படியிறங்கியதும் கதவைச் சாத்தினார். கையைக் கழுவிக்கொண்டு வந்து, விளக்குக்கு நேரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இரிங்க."

ரசலையன் உட்கார்ந்தார். காலுறையை நேசபாயே கழற்றினார். பஞ்சை எடுத்துப் பார்த்தார். சுற்றிலும் தடித்து வெளுத்த தோல், நடுவில் குழி. அழுத்திப் பார்த்தார், மோந்து பார்த்தார்.

"இருபது வருஷம் ஊரான் காலக் கழுவினவ நான். என்கிட்ட காட்ட முடியல்ல. பொன்னுலிங்கத்தண்ணன்கிட்ட போயிருக்கீங்க."

"நீ போவாண்டாம்னு சொல்லுவ."

"சொல்லத்தான் செய்வேன். அதுக்குத்தான நான் இருக்கேன்?"

"வலியே இல்லட்டி. பின்ன என்ன?"

நேசபாய் ஒரு துணுக்குப் பஞ்சைத் திரித்து நுனியாக்கினார்.

"கண்ண மூடுங்க. நான் தொடும்பம் சொல்லணும்."

ரசலையன் கண்ணை மூடிக் காத்திருந்தார். சுவர்க்கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"தொடு பிள்ள. எம்புட்டு நேரம் மூடிட்டு இரிக்க?"

"நாலு எடத்துல தொட்டாச்சு."

அவர் கண்ணைத் திறந்தார். நேசபாய் மறுபடி மூடச் சொல்லி, வலது காலிலும் அதே பஞ்சால் தொட்டார். ஒவ்வொரு தொடுதலுக்கும் "ம்", "ம்" என்று அவர் சரியாகச் சொன்னார். மறுபடி இடது கால். ஒன்றுமில்லை.

"கியர் மாத்துத கால் எது?" என்று நேசபாய் கேட்டார்.

ரசலையன் தன் இடது பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடற்கரையில் எதனால் அத்தனை தடவை விழுந்தோம் என்று இப்போது அவருக்குத் தோன்றியது. மணல்தான் காரணம் என்று ஷஹீர் சொல்லியிருந்தார். அவரும் நம்பியிருந்தார்.

"அப்பம் போக்கு இல்லியா?"

"இந்தக் குளிருக்கு இல்ல. புண் ஆறும், ஆத்திருவேன். மரத்துப்போனது திரும்புமான்னு எனக்குத் தெரியாது. தெரியாதத நான் சொல்ல மாட்டேன்."

வெந்நீரை ஆறவைத்துக் கழுவினார். மருந்து வைத்துக் கட்டினார். பிறகு, அந்தக் காலைத் தன் மடியிலிருந்து இறக்காமல் கொஞ்சநேரம் அப்படியே இருந்தார். ரசலையனும் எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் ரசலையன் பால் வெட்டப் போகவில்லை. நேசபாய் ஸ்கூட்டரை எடுத்தார். ரசலையன் பின்னால் உட்கார்ந்தார். குழித்துறை ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் இருக்கும்போது, ரசலையனே போனை எடுத்து ஷஹீரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பக்கம் சத்தம் பெஞ்சு முழுக்கக் கேட்டது.

"ஏலே கூறுகெட்டவனே! அங்கின மணலுக்குள்ள வச்சு நீ கால் அழுகிக் கெடந்தா மைனிகிட்ட நான் என்ன சொல்லுவேன்?"

"டிக்கெட்..."

"டிக்கெட்டத் தூக்கிக் கடல்ல போடு. அடுத்த குளிருக்குப் போவோம். கால் செரியாவல்லன்னா ஒத்த வண்டி, நான் ஓட்டுதேன். நீ பின்னால இரி."

"உன் பின்னால நான் இரிக்கவா?"

"பின்ன, மடியிலயா இரிப்ப?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ரசலையனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நேசபாய் போனைக் கையிலிருந்து வாங்கினார்.

"தம்பி, பின்னால இருக்கதுக்கும் டாக்டர் சம்மதிக்கணும். கால நான் பாத்துக்கிடுதேன். நீங்க அதுவர வழிய மட்டும் பாருங்க."

உள்ளே ரசலையனின் பேரைக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்தார். நேசபாய் தோளைக் கொடுத்தார். இடது காலைத் தரையில் ஊன்றாமல், அந்தத் தோளைப் பிடித்துக்கொண்டு டாக்டரின் அறைக்குள் போனார்.