பன்னிரண்டு நாற்காலிகள்

பெரிய வியாழக்கிழமை மாலைப் பூசைக்கு எங்கள் கோயிலில் சந்தன சோப்பு வாசனை அடிக்கும். சாமியார் கழுவப்போகும் பன்னிரண்டு பேரின் கால்களிலிருந்து வருவது அது. இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைக்கிற சடங்குக்கு, வீட்டிலேயே தேய்த்துக் கழுவி, நகம் வெட்டி, பவுடர்கூடப் போட்டுக்கொண்டு வருவார்கள். அழுக்குக் காலைச் சாமியார் கையில் கொடுப்பது மரியாதை இல்லையாம். கோயிலுக்கு ஜெனரேட்டர் வாங்கித் தந்தவர், புதுக் கார் எடுத்தவர் என்று பார்த்துத்தான் நாற்காலி போடுவார்கள். நானும் அதில் உட்கார்ந்தவன்.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். தருமபுரியில் அரசு வேலை கிடைத்த வருடம் எனக்கும் ஒரு நாற்காலி வந்தது. வெடித்த குதிகாலோடு கடைசி வரிசையிலேயே நின்று செத்துப்போன அப்பாவுக்கு வராதது இது என்று அம்மா அழுதாள், புது வேட்டி எடுத்து வந்தாள். நான் அரை மணி நேரம் குதிகாலைக் கல்லில் தேய்த்தேன்.

கோயிலைக் கூட்டி, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்த எங்கள் உபதேசியார் ஒரு காலத்தில் பெங்களூரில் பெரிய கட்டட மேஸ்திரி. மாடி வீடு, கார் எல்லாம் இருந்தது. விட்டுவிட்டு வந்தார். தம்மிடம் மண் சுமந்த பெரியவர் ஒருவர் சர்க்கரையில் கால் அழுகிக் கிடக்க, தினமும் போய்ப் புண்ணைக் கழுவிக் கட்டினார். ஊர் சிரித்தது. ஏன் என்று கேட்டவர்களிடம் அவர் சொன்னது ஒன்றுதான். "எனக்குக் கீழ நாப்பது பேரு நின்னாங்க. ஒருத்தன் காலயும் நான் குனிஞ்சி பாத்ததில்லீங்க."

அந்த வியாழக்கிழமை, அந்தப் பெரியவரை வண்டியில் வைத்துக் கூட்டி வந்து ஒரு நாற்காலி கேட்டார். கோயில் நிர்வாகம் பார்க்கும் பங்குப் பேரவையின் செயலர் மூக்கைப் பொத்திக்கொண்டார். "வீடியோ ஓடுதுங்க. இந்தாள எங்க உக்கார வெக்கறது? பன்னெண்டும் ரொம்பிப் போச்சி."

உபதேசியார் வரிசையை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்து என்னிடம் நின்றார்.

"தம்பி, நீ எந்திரிக்கிறியா?"

பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா ஆசப்பட்டாங்க" என்று முனகிவிட்டுக் குனிந்துகொண்டேன். அவர் பெரியவரை வெளியே குழாயடியில் உட்கார வைத்துக் கழுவினார். உள்ளே சாமியார் என் காலைத் துடைத்து முத்தமிட்டபோது, பளபளவென்றிருந்த அந்தக் கால் யாருடையதோ போல அருவருத்தது. ஆல்பத்தில் படம் நன்றாகவே விழுந்திருக்கிறது.

அடுத்த வருடமும் நாற்காலி வந்தது. வேண்டாம் என்றேன். உபதேசியார் காற்று எனக்கும் அடித்துவிட்டதா என்று செயலர் கேலி செய்தார். அம்மா ஒரு வாரம் பேசவில்லை. பூசை நேரத்தில் பெரியவர் வீட்டுக்குப் போனேன். அவர் கால் புண்ணின் கட்டைப் பிரித்ததும் வெளியே ஓடி வாந்தியெடுத்தேன். திரும்பி வந்தபோது அவர் காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டிருந்தார்.

"நீ அன்னிக்கி சேர்ல குந்தியிருந்த பையந்தான?"

"ஆமாங்க."

அவர் காலை வெளியே எடுக்கவில்லை. மறுநாளும் போனேன், அதற்கு மறுநாளும் போனேன். மூன்றாம் நாள்தான் நீட்டினார்.