மூன்று முறை அழுத்திய கடிதம்

கட்டட வரைபட அலுவலகத்தில் அவருக்கு 'அளவுகோல்' என்று பெயர். கோடு மயிரிழை தப்பினாலும் மனிதருக்குச் சோறு இறங்காது. கால் எலும்பு முறிந்து இரண்டு மாதம் வீட்டிலிருந்தே படம் வரைந்தவர், கால் கூடிய பிறகு, அடடா, இந்தச் சுகத்தை விடுவானேன் என்று, இனி எப்போதும் வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி கேட்டு மேலாளருக்கு எழுதிப் போட்டார். வெள்ளிக்கிழமை பதில் சொல்வதாக மேலாளரும் சொல்லியிருந்தார்.

மடிக்கணினியின் சின்னத் திரையில் படம் வரைவது பெரும்பாடு. மனைவியின் கணினிக்கோ பெரிய திரை. ஆனால் அலுவலகம் கொடுத்த வி.பி.என்., அதாவது வீட்டிலிருந்தே அலுவலகக் கணினிகளுக்குள் நுழைகிற பூட்டுப் போட்ட வழி, ஒரு கணினிக்கு மட்டும்தான். அளவுகோல் சும்மா இருப்பாரா? இரண்டுக்கும் நடுவே ஒரு கேபிளைச் செருகி, அந்த இணைப்பைப் பெரிய கணினிக்கும் பகிர்ந்துவிட்டார். அதோடாவது விட்டாரா? எல்லாம் ஆபீஸ் மாதிரியே இருக்கட்டும் என்று, அதில் எதை அச்சடித்தாலும் நேரே அலுவலகப் பிரிண்டருக்கே போகும்படியும் அமைத்து வைத்தார். வீட்டம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லத்தான் மறந்துபோனார்.

வெள்ளிக்கிழமை காலை அவர் குளிக்கப் போன நேரத்தில், அம்மணி தன் கணினியில் அக்காவுக்குக் கடிதம் தட்டினார். அக்காவுக்குக் கண் மங்கல்; கொட்டை எழுத்தில் அச்சடித்துத் தபாலில்தான் அனுப்ப வேண்டும். பிரிண்ட் கொடுத்தார். மேசை மேலிருந்த வீட்டுப் பிரிண்டர் அசையவில்லை. "சனியன்!" என்று இன்னும் இரண்டு தடவை அழுத்திவிட்டுச் சமையலறைக்குப் போனார்.

பத்து மணிக்கு மேலாளர் போன் செய்தார்.

"சார், இங்க பிரிண்டர்ல உங்க வீட்டுக் கடிதம் வந்திருக்கு. நாலு பக்கம், மூணு காப்பி."

அளவுகோல் இழுத்தார்: "எங்க வீட்டுதுன்னு எப்படி சார்...?"

"பேரே இல்ல. 'மடிச்ச துணியை, மூலை சேரலைன்னு பிரிச்சு மறுபடி மடிக்கிறார். டப்பாவையெல்லாம் உயர வரிசையில அடுக்கச் சொல்றார். பால் காயறதுக்குள்ள மூணு தடவை எட்டிப் பார்க்கிறார்.' ஆபீஸே சொல்லிடுச்சு சார், யாருன்னு."

போச்சு, மானமும் போச்சு, அனுமதியும் போச்சு என்று அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மனைவி மேல் கோபம் கோபமாக வந்தது.

"இணைப்பைப் பகிர்ந்ததுக்கு உங்களை அப்புறமா தனியா திட்டறேன். இப்ப உங்க விண்ணப்பத்துக்கு வருவோம். நீங்க ஒரு பக்கம் எழுதியிருக்கீங்க, அவங்க நாலு பக்கம் எழுதியிருக்காங்க."

"அவ ஏதோ ஆத்திரத்துல எழுதிட்டா சார்..."

"கடைசி வரியைக் கேளுங்க. 'அக்கா, முன்னெல்லாம் சாயங்காலம் இவர் வர ஏழு மணி ஆகும்னு தெரிஞ்சும், ஆறு மணிக்கே ஜன்னல்கிட்ட போய் நிப்பேன். இப்ப யாருக்காக நிக்கிறது?'"

அளவுகோல் எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். இருபத்திரண்டு வருஷமாகத் தெருவில் வந்தவர், ஒரு நாளாவது தலையை நிமிர்த்தி அந்த ஜன்னலைப் பார்த்ததில்லை. கோபம் போன இடம் தெரியவில்லை.

"என்ன சார், அனுமதி வேணுமா, வேண்டாமா?" என்றார் மேலாளர்.

"வேண்டாம் சார். திங்கட்கிழமை வந்துடறேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "ஆனா சார், தினமும் அஞ்சேகாலுக்குக் கிளம்பினாதான் ஆறு மணிக்கு வீடு வந்து சேர முடியும். விடுவீங்களா?"