எதிரே உட்கார்ந்த மெக்கானிக்

எனக்குக் கோவையாக எழுத வராது, மறதியும் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகன் காரின் முன்விளக்கிலிருந்த மஞ்சள் பல்பை எடுத்துவிட்டு எல்.ஈ.டி. போட, அம்பகரத்தூர் சாலையில் ஒரு கடைக்குப் போனோம். மெக்கானிக் ஒல்லியானவர். காதில் டெஸ்டரைச் செருகியிருந்தார். பல்பை மாட்டியதும் ஷட்டரை இறக்கி இருட்டாக்கி, காருக்கு எதிரே ஸ்டூல் போட்டு என்னை உட்காரச் சொன்னார். விளக்கைப் போட்டதும் என் கண்ணில் நீர் முட்டியது.

"கூசுதாம்மா?"

மகன் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். "இல்லப்பா," என்றேன்.

"அப்ப ஏன் கண்ண மூடிக்கிட்டீங்க?" என்று சிரித்தார்.

"பளிச்சுன்னு இருக்கட்டும்ண்ணே, விடுங்க," என்றான் மகன்.

"ஒங்களுக்குப் பளிச்சு தம்பி. எதுக்க சைக்கிள்ல வர்றவங்களுக்கு ரோடே தெரியாது. இப்புடியே அனுப்ப மாட்டேன்."

அவரே ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தார், எழுந்துபோய் ஸ்குருவைத் திருகினார், மறுபடி வந்து உட்கார்ந்தார். வெளிச்சம் அவர் மார்புக்குக் கீழே இறங்கும்வரை விடவில்லை.

"எல்லா வண்டிக்கும் இப்புடி உட்காருவீங்களா?"

"எதுக்க வர்றவங்க இங்க வந்து சொல்ல மாட்டாங்களேம்மா."

யாரென்றே தெரியாதவர்களுக்காகக் கண் கூச உட்கார்ந்த ஒருவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஸ்குரு விளக்குக்கு மேலே இருந்ததா, பின்னாலா என்று நினைவில்லை. வண்டி வேலை தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துங்கள்.