தபாலில் வந்த சினிமாவும் என் வயிற்றெரிச்சலும்

புது பிளாஸ்டிக்கும் பசையும் கலந்த ஒரு வாசனை... வில்சன் அந்தத் தடித்த உறையைக் கிழித்ததும் எங்கள் ஸ்டாஃப் ரூம் முழுக்கப் பரவும். உள்ளே மூன்று படங்களின் டிஸ்க்குகள். வெளிச்சத்தில் திருப்பினால் எல்லா நிறமும் ஓடும். எல்லோரும் அவன் மேசையைச் சுற்றி நிற்பார்கள். நான் மட்டும் விடைத்தாள் திருத்துவதுபோலக் குனிந்திருப்பேன்.

தொண்ணூறுகளின் கடைசி. பாறசாலையில் ஒரு டுட்டோரியல் காலேஜ். நான் கணக்கு வாத்தியார், ஊர் செங்கல். வில்சன் இங்கிலீஷ், பூவார் கடற்கரைக்காரன். அவன் அப்பா அப்போதும் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார். வளைகுடாவிலிருந்து அண்ணன் ஒரு விசிடி பிளேயர் கொண்டுவந்து கொடுக்க, வில்சன் பத்திரிகை விளம்பரம் பார்த்து ஏதோ ஒரு வெளியூர் டிஸ்க் கிளப்பில் சேர்ந்துவிட்டான். அச்சடித்த பட்டியலில் வேண்டிய படங்களுக்கு டிக் போட்டு அனுப்ப வேண்டும். தபாலில் மூன்று படம் வரும். பார்த்துத் திருப்பி அனுப்பினால் அடுத்த மூன்று.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆனால் பாதி ஸ்டாஃப் பூவார் பஸ்ஸில்.

அதுகூடப் பரவாயில்லை. மோகனனும் போனான். ஃபிசிக்ஸ் எடுப்பவன், சின்ன வயசிலிருந்தே என் கூட்டுக்காரன். ஞாயிறு என்றால் என் வீட்டில்தான் அவனுக்குச் சாப்பாடு. அவன் வருவது நின்றே போனது.

"சிரிச்சு சிரிச்சு வயிறு நொந்துபோச்சு மக்கா. நீயும் வரலாமே."

"எனக்கு வேற ஜோலி உண்டு" என்பேன். ஒரு ஜோலியும் கிடையாது.

பொறுக்க முடியாமல் நானும் அதே கிளப்பில் சேர்ந்தேன். வில்சனிடம் சொல்லவில்லை. அக்கா வீட்டுக்காரரின் பிளேயரை இரவல் வாங்கிக் காத்திருந்தேன். முதல் பார்சலில் நான் டிக் போட்டதில் ஒன்றுகூட இல்லை. ஒரு இந்திப் படம். முதல் டிஸ்க்கில் கல்யாணம் வரை வந்தது. இரண்டாவது டிஸ்க்கைப் போட்டால் அது வேறேதோ படம், யாரோ குதிரையில் போகிறார்கள். மோகனனைக் கூப்பிட்டிருந்தேன். பாதியில் கடிகாரத்தைப் பார்த்தான்.

"வில்சனுக்கும் இப்பிடித்தான் வரும். ஆனா அங்க நேரம் போறதே தெரியாது" என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்புறம் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை போஸ்ட்மேன் வந்தபோது ஸ்டாஃப் ரூமில் நான் மட்டும். "வில்சன் சாரு கிளாஸ்லயாக்கும். சாரு வாங்கி வச்சிருங்க" என்று பார்சலை நீட்டினார். வாங்கினேன். என் அலமாரியில் ரெக்கார்டு நோட்டுகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். வில்சன் தினமும் வந்து "பார்சல் ஒண்ணும் வரல்லியா?" என்று கேட்பான். "காணல்லியே" என்பேன். வெள்ளிக்கிழமை கேட்டபோது அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் பூட்டைத் திறக்கவில்லை.

ஞாயிறு மத்தியானம் நான் பூவாருக்குப் பஸ் ஏறினேன். படம் வராததால் ஆளில்லாமல் கிடக்கும் வில்சன் வீட்டைக் கண்ணால் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

வாசல் முழுக்கச் செருப்பு.

ஜன்னல் ஓரமாக நின்று எட்டிப் பார்த்தேன். டிவி அணைந்து கிடந்தது. அதற்கு முன்னால் வில்சன் நின்று கதை சொல்லிக்கொண்டிருந்தான். எனக்குக் கல்யாணத்தோடு நின்றுபோன அதே இந்திப் படம். முந்தின பார்சலில் அவனுக்கும் இரண்டாவது டிஸ்க் வந்திருக்கவில்லை போல. மீதியை அவனே உண்டாக்கிச் சொல்கிறான்... கதாநாயகிக்கு ஒரு குரல், மாமியாருக்கு ஒரு குரல், இடையில் மலையாளத்தில் போலீஸ்காரன்.

தரையில் உட்கார்ந்திருந்த அவன் அப்பா கேட்டார்: "எலே, அந்தப் பிள்ள செத்துப்போச்சா?"

"சாகப்போனா. நீங்க மொகத்தச் சுளிச்சியளா, நான் பயந்துபோயி ஆஸ்பத்திரில சேத்துட்டேன்."

வீடே குலுங்கியது. மோகனன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். என் வீட்டில் அவன் அப்படிச் சிரித்ததே இல்லை.

டிஸ்க்குக்காகத்தான் கூட்டம் என்று நினைத்து இத்தனை நாள் எரிந்திருக்கிறேன். டிஸ்க் என்றால் நானும் கிளப்பில் சேரலாம், சேர்ந்தும் விட்டேன். இதற்கு எந்தப் பட்டியலில் டிக் போடுவது? உள்ளே போகாமல் திரும்பி நடந்தேன். பொறாமை குறைந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். பஸ்ஸில் உட்கார்ந்தபோது இரண்டு மடங்காகியிருந்தது.

திங்கட்கிழமை பார்சலை அவன் மேசையில் வைத்தேன். "இப்பம் வந்துது."

வில்சன் உறையைத் திருப்பித் தபால் முத்திரையில் தேதியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அடுத்த ஞாயிறு நீயும் வா மக்கா. கணக்கு சாரு மட்டும் ஏன் வரல்லண்ணு அப்பன் கேட்டாரு."

"பாக்கலாம்" என்றேன். போகவில்லை. இரண்டு வருடம் கழித்து அவன் பஹ்ரைன் போகும்வரை அந்தப் "பாக்கலாம்" அப்படியே கிடந்தது.

அந்தக் கிளப்பில் சேர்ந்தது லாபமா நஷ்டமா என்று நம் வாட்ஸப் குரூப்பில் சிலர் கேட்டிருந்தீர்கள். என்னைக் கேட்டால், சேர்ந்திருக்க வேண்டாம். கேட்ட படம் வராது, வந்தது பாதி ஓடாது. இன்றைக்கு மூன்று ஆப் வைத்திருக்கிறேன். நினைத்த படம் நினைத்த நிமிடத்தில் வருகிறது, இரண்டாம் பாதியும் சேர்த்து. வீட்டில் நான்கு பேர், நான்கு ஃபோன், நான்கு ஹெட்ஃபோன். யார் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று இன்னொருவருக்குத் தெரியாது.

போன மாதம் மோகனன் ஒரு வீடியோ அனுப்பினான். லீவில் பூவாருக்கு வந்த வில்சன், நரைத்த தலை, பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவே நின்று கையை ஆட்டி ஏதோ சொல்கிறான். சுற்றிலும் ஒரே சிரிப்பு. அவன் சொல்வது மட்டும் கேட்கவில்லை. நான்கு தடவை போட்டுப் பார்த்தேன்.

"என்ன கதை?" என்று மோகனனுக்கு எழுதினேன்.

"அத இஞ்ச வந்தாத்தான் தெரியும்" என்று பதில் வந்தது.

என் வீட்டிலிருந்து பூவாருக்கு ஸ்கூட்டரில் அரைமணி நேரம்கூட ஆகாது. வில்சனுக்கு லீவு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறதாம்.