639

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், சட்டத்துக்குப் பொருந்தும்படி லென்ஸின் ஓரத்தைத் தேய்ப்பது அவள் வேலை. கல்லூரியில் கணக்குப் படித்துக்கொண்டிருந்தவள், அப்பா படுக்கையில் விழுந்ததும் பாதியில் நின்றாள். படிப்பு நின்றது, கணக்குப் பித்து நிற்கவில்லை. கடையில் அவளுக்குப் பெயரே ‘கணக்கக்கா’.

அப்போது அவளைப் பிடித்திருந்த கணக்கு இது: ஓர் எண்ணை நான்கு தடவை போட்டுப் பெருக்க வேண்டும். இரண்டுக்கு 16, மூன்றுக்கு 81, நான்குக்கு 256. ஒன்று என்றைக்கும் ஒன்றுதான். இவற்றை மட்டும் கூட்டி ஒவ்வோர் எண்ணையும் கொண்டுவர வேண்டும், அதுவும் எவ்வளவு குறைவாகக் கூட்டி முடியுமோ அவ்வளவு குறைவாக. 79 அவளைப் பாடாய்ப் படுத்தியது. நான்கு பதினாறு, மீதிக்குப் பதினைந்து ஒன்று. தலைகீழாக நின்றும் பத்தொன்பதுக்குக் கீழே இறங்கவில்லை. 159-ம் பத்தொன்பது கேட்டது. பிறகு 239, 319 என்று எண்பது எண்பதாகத் தள்ளி, 559 வரை ஏழு எண்களும் ஒரே பிடிவாதம். 639-ஐயும் போட்டுப் பார்த்தாள். பத்தொன்பது!

“எண்பது எண்பதா கூட்டிக்கிட்டே போனா எப்பவும் பத்தொன்பதுதான். இது ஒரு விதிங்க. நானே கண்டுபிடிச்சது. கடையில எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்,” என்று கணக்கு நோட்டைக் கணவனிடம் காட்டினாள். அவன் வேன் ஓட்டுகிறவன். அப்போது வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான்.

“ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு... அஞ்சை ஏன் விட்டுட்ட?”

“அது ரொம்பப் பெருசு, உள்ள வராது. அறுநூத்தி இருபத்தஞ்சு...”

சொல்லி முடிப்பதற்குள் அவள் முகம் சுருங்கியது. சின்ன எண்களில் வராத ஐந்து, 639-க்குள் தாராளமாக வரும். 625-உடன் பதினான்கு ஒன்று. பதினைந்தே போதும். விதி பொடிப்பொடி.

“நான் சும்மாதாம்மா கேட்டேன்,” என்றான் அவன்.

“நீங்க பேசாம வெங்காயத்தைப் பாருங்க!”

மறுநாள் கடையில் ஒவ்வொருவராகப் பிடித்துத் தன் விதி தப்பு என்று சொல்ல வேண்டியிருந்தது. முந்தின நாள் தலையாட்டியவர்கள் இதற்கும் அதேபோல் தலையாட்டினார்கள். ஒருவருக்கும் ஒன்றும் புரிந்திருக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. விதி தப்பானதைவிட அதுதான் அதிகம் எரிச்சலூட்டியது. ஆத்திரத்தில் ஒரு லென்ஸை அதிகமாகத் தேய்த்துக் கெடுத்து, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அதன்பின் ஆயிரம், இரண்டாயிரம் என்று மேலே போய்ப் பார்த்தாள். பத்தொன்பது கேட்கும் எட்டாவது எண் அகப்படவே இல்லை. ஏன் ஏழோடு நின்றது என்று அவளால் சொல்ல முடியவில்லை. யாராவது கேட்டால், “தெரியல, போங்க!” என்று சிடுசிடுப்பாள்.