ஞாயிற்றுக்கிழமை மட்டும் எனக்குச் சாலை இருந்தது

இப்போது ஊரில் எல்லோரும் ஓடுகிறார்கள். செவிலிமேடு பக்கம் புது வீடு கட்டி வந்தவர்கள், சென்னைக்கு வேலைக்குப் போகிறவர்கள், விலை உயர்ந்த ஷூ போட்டுக்கொண்டு காலையில் ஓடுகிறார்கள். அதில் ஒருவர் என்னைப் பற்றி யாரிடமோ கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்துவிட்டார். அடிக்கடி மாரத்தான் ஓடினால் கால் கெட்டுப்போகுமா, எட்டவேண்டிய உயரத்தை எட்டாமல் போய்விடுவோமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்படியென்றால் நீங்கள் ஏன் அத்தனை ரேஸ் ஓடினீர்கள் என்றார். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி உள்ளே வந்துவிட்டேன். பால் எதுவும் இல்லை.

அவர் கேட்டது சரியான கேள்விதான். அதைக் கேட்கிற உரிமை அவருக்கு இல்லை என்று எனக்குத் தோன்றியது. அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் ஓடினேன். வீடு பிள்ளையார்பாளையத்தில். அப்பா தறியில் உட்காருவார், அம்மா இழை சுற்றுவாள். எங்கள் தெருவில் காலையில் ஓடவே முடியாது. விடியும்போதே இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பாவு நீட்டிவிடுவார்கள். அத்தனையும் பட்டு இழை. மனிதர்களே ஓரமாக ஒட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும். நான் ஓடினால் தூசு கிளம்புகிறது என்று கத்துவார்கள். அவர்கள் கத்தியதில் தப்பில்லை.

பெரிய சாலைக்குப் போனால் டீக்கடை. தினமும் யாராவது ஒருவன், "இன்னாமா, பஸ்ஸ வுட்டுட்டியா?" என்பான். மற்றவர்கள் அதை முதல்முறை கேட்பதுபோல் சிரிப்பார்கள். அதையும் தாண்டிப் பாலாற்றுப் பக்கம் போனால் மணல் லாரி, நாய்கள். ஒரு நாள் ஒருவன் மொபெட்டில் என் பின்னாலேயே பாலம் வரைக்கும் வந்தான். முந்தியும் போகவில்லை, நிற்கவும் இல்லை. ஒரு கல்லை எடுத்து வீசினேன். அது அவன்மேல் படவில்லை என்று எனக்கு இன்றைக்கும் வருத்தம். அந்தக் கதை எப்படியோ வீட்டுக்கு வந்து சேர்ந்தது. காலை ஓட்டம் நின்றது.

அண்ணனை சைக்கிளில் கூட வரச்சொல்லிக் கேட்டேன். தங்கச்சி பின்னால் சைக்கிள் ஓட்டினால் ஊர் என்ன சொல்லும் என்றான். வெயில் ஏறின பிறகு, அம்மாவுக்குக் கடைக்குப் போகிற சாக்கில் போய், ஆள் இல்லாத இடத்தில் கொஞ்சம் ஓடிவிட்டு வருவேன். அதைப் பயிற்சி என்று சொல்ல எனக்கே வெட்கம்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை வேறு. கட்சித் தலைவருக்குப் பிறந்தநாள் என்று ஓட்டம், சங்கம் ஆண்டுவிழா என்று ஓட்டம், போதை ஒழிப்பு, மரம் வளர்ப்பு, எதற்கு வேண்டுமானாலும் ஓட்டம். எல்லாவற்றுக்கும் பெயர் மாரத்தான். மாரத்தான் என்றால் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் என்பது மைக் பிடித்த ஆளுக்குத் தெரியாது. இங்கிருந்து அடுத்த ஊருக்கு ஓடினால் அவருக்கு மாரத்தான். ஆனால் போலீஸ் வண்டிகளை நிறுத்தும். நடுச்சாலையில் ஓடலாம். முன்னால் ஆள், பின்னால் ஆள், பக்கத்தில் மூச்சுச் சத்தம். வாரம் முழுக்க பஸ்ஸைப் பற்றிக் கேட்ட அதே டீக்கடை ஆள் தண்ணீர் நீட்டுவான். வாங்கிக் குடிப்பேன். வேறு வழி?

அதனால் எல்லா ஞாயிறும் ஓடினேன். வாலாஜாபாத், உத்திரமேரூர், அரக்கோணம் என்று எங்கே நோட்டீஸ் ஒட்டினாலும் பஸ் ஏறிவிடுவேன். ஒவ்வொன்றிலும் உயிரைக் கொடுத்து ஓடினேன். மெதுவாக ஓட எனக்குத் தெரியாது. மெதுவாக ஓடுவதற்குத்தான் மற்ற ஆறு நாளும், அந்த ஆறு நாளும் என்னிடம் இல்லை.

ஆண்களுக்கு முதல் பரிசு சைக்கிள். பெண்களுக்கு எவர்சில்வர் குடம், குக்கர், தவலை. இதைப் பற்றி அப்போது கோபம் வரவில்லை, இப்போது வருகிறது. எங்கள் வீட்டில் பரணுக்கு மேல் குடம் குடமாக அடுக்கியிருந்தது. அம்மா சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணங்களுக்கு அதையே சீராக எடுத்துப்போவாள். கொஞ்ச நாளில் சொந்தக்காரர்கள் தேதி குறிக்கும்போதே, அடுத்த ஓட்டத்தில் என்ன பரிசு என்று கேட்க ஆரம்பித்தார்கள். எனக்கு ஓடத் தெரியும் என்பதை எங்கள் குடும்பம் புரிந்துகொண்ட விதம் அது.

செவிலிமேட்டிலிருந்து ஒரு பெண் வருவாள். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவள். நான் முதலில் வந்தால் அவள் இரண்டாவது. சில சமயம் மாறும். ஓட்டம் முடிந்ததும் ஒரே மர நிழலில் உட்கார்ந்து வாழைப்பழம் சாப்பிடுவோம். அவளை சிநேகிதி என்று சொல்லமாட்டேன். ஆனால் வாரத்தில் நான் வாய்விட்டுப் பேசியது அவளிடம் மட்டும்தான்.

ஒரு முறை சென்னையிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்திருந்தார். எங்கள் இருவரையும் கூப்பிட்டு, மாநில அணிக்கு ஆள் எடுக்கிற ஓட்டம் கடற்கரைச் சாலையில் நடக்கப்போகிறது, முழு மாரத்தான், இரண்டு பேருமே தேறக்கூடியவர்கள் என்றார். ஆனால் அதுவரைக்கும் ஒரு ரேஸ்கூட ஓடாதீர்கள் என்றார். "வாராவாரம் வெதநெல்லை எடுத்துத் தின்னுட்டா, அறுப்புக்கு இன்னா இருக்கும்?" என்று கேட்டார். கால் ஆறவேண்டும், நீளமாக, மெதுவாக, தனியாக ஓடிப் பழகவேண்டும் என்றார். தனியாக எங்கே ஓடுவது என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்டிருந்தாலும் அவருக்கு அந்தக் கேள்வி விளங்கியிருக்காது.

செவிலிமேட்டுப் பெண் அன்றோடு ரேஸை நிறுத்தினாள். அவளுக்குக் கூட வருகிற அண்ணன் இருந்தான். தினமும் விடியலில் ஸ்கூட்டரில் விளக்கைப் போட்டுக்கொண்டு அவள் பின்னால் மெதுவாக வருவான். பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி வெகுதூரம் போய்வந்தாள் என்று கேள்விப்பட்டேன். நானும் சில வாரம் நிறுத்திப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமையும் வீட்டில் உட்கார்ந்து இழை சுற்றினேன். சாலையில் மைக் சத்தம் போனது. பைத்தியம் பிடிக்கும்போல் இருந்தது.

அப்போது அத்தை மகளுக்குக் கல்யாணம் வைத்தார்கள். வாலாஜாபாத்தில் ஒரு மாரத்தான், பெண்களுக்கு முதல் பரிசு ஆளுயரப் பித்தளைக் குத்துவிளக்கு என்று நோட்டீஸ். அது கடற்கரைச் சாலை ஓட்டத்துக்கு முந்தின ஞாயிறு. அம்மா என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. "ஒரு ஓட்டம்தானேமா, போய்ட்டு வந்துடு" என்று மட்டும் சொன்னாள். குடும்பம் கெடுத்தது என்று சொன்னால் சுலபமாக இருக்கும். பொய். அவள் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

வாலாஜாபாத்தில் என்னோடு போட்டி போட ஆளே இல்லை. ஆனாலும் முழு வேகத்தில் ஓடினேன். ரயில்வே கேட் திருப்பத்தில் அவள் நின்றிருந்தாள். செருப்பு, தாவணி, பக்கத்தில் அண்ணன், ஸ்கூட்டர். வேடிக்கை பார்க்க வந்திருக்கிறாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. முடிந்ததும் என்னிடம் வந்தாள்.

"ஏன்கா வந்த?"

குத்துவிளக்கைக் காட்டினேன். அவள் அதைப் பார்க்கவே இல்லை. என் காலைப் பார்த்தாள். அவள் கண்ணில் சந்தோஷமும் இருந்தது. எனக்கு அது தெரிந்தது, எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்தது.

கடற்கரைச் சாலையில் பாதித் தூரம் இருவரும் தோளோடு தோள் போனோம். மூச்சு நன்றாக இருந்தது. நெஞ்சு நன்றாக இருந்தது. இன்றைக்கு நமக்குத்தான் என்று நினைத்தேன். அதன் பிறகு தொடை இறுகத் தொடங்கியது. வலி இல்லை, வலியாக இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடியிருப்பேன். உள்ளே ஒன்றும் இல்லை. இறைத்து முடிந்த கிணறு. அவள் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள், பிறகு பார்க்கவில்லை. நான் கடைசிப் பகுதியை நடந்தேன். இடதுபக்கம் கடல் முழுக்க வெயில். எங்கள் ஊரில் பெருமாளைத் தூக்குகிறவர்கள்கூட வழியில் தோள் மாற்றிக்கொள்கிறார்கள் என்று அப்போது தோன்றியது. என்ன பிரயோசனம்.

அவளை எடுத்தார்கள். என்னை எடுக்கவில்லை. அத்தை மகள் கல்யாணத்தில் குத்துவிளக்கு மணவறைக்குப் பக்கத்தில் நின்றது. நன்றாகத்தான் இருந்தது. நான் அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடினேன், முட்டி போகும்வரை. ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் மெதுவாக.

அவளுக்கு அரசாங்க வேலை கிடைத்து வெளியூர் போனாள். சில வருஷம் கழித்துத் தன் அண்ணன் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க ஊருக்கு வந்தபோது என் வீட்டுக்கு வந்தாள். டீ குடித்தாள். நெடுநேரம் புடவையைப் பற்றிப் பேசினாள். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அண்ணன் வண்டி வெளிச்சத்துல ரெண்டு பேரு ஓடியிருக்கலாம்கா. உன்னைக் கூப்பிடணும்னு தெனம் நெனப்பேன். கூப்ட்டா நீ ஜெயிச்சிடுவ."

"நானா இருந்தாலும் கூப்ட்டிருக்க மாட்டேன்" என்றேன். அது உண்மை. அதைச் சொன்னது அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். எனக்கு இல்லை.

ஊரில் இருக்கிற வரைக்கும் காலையில் சேர்ந்து ஓடலாமா என்று கேட்டாள். முட்டி போய்விட்டது என்றேன். முட்டி போனது நிஜம்தான். ஆனால் நான் வரமாட்டேன் என்றது அதனால் இல்லை.

அந்த ஷூக்காரர் போன வாரம் மறுபடி வந்தார். பதில் தெரியாமல் தூக்கம் வராது போலிருக்கிறது. இந்த முறை வாசலிலேயே நின்று சொன்னேன். "கூட ஓட ஆள் இருந்தா ரேஸைக் கொறச்சிக்குங்க. கால் பொழச்சிக்கும். ஆள் இல்லன்னா, எவன் சொன்னாலும் நீங்க நிறுத்தப்போறதில்ல."

நான் வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். கைக்கடிகாரத்தில் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினார். தெருமுனையில் அவருடைய கூட்டாளிகள் நாலைந்து பேர் நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டு அவருக்காகக் காத்திருந்தார்கள். அவர் போய்ச் சேர்ந்ததும் எல்லோரும் ஒன்றாகக் கிளம்பினார்கள். ஷூ சத்தம் கேட்கிறவரைக்கும் வாசலில் நின்றிருந்தேன்.