ஒரே பெட்டிக்குள் குரலும் பேட்டரியும்

காலை ஆறு நாற்பது. சமையலறை விளக்கைப் போட்டதும் முதலில் கண்ணில் பட்டது மேசைமேல் சார்ஜில் கிடந்த மியூசிக் பிளேயர். அதன் கண்ணாடிக்கும் அலுமினியச் சட்டத்துக்கும் நடுவே, இடது ஓரத்தில், ஒரு நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. முதல் நாள் அது இல்லை. ஒரு விரலால் தொட்டேன். தட்டையாகக் கிடக்கவேண்டியது இரண்டு பக்கமும் ஆடியது. உள்ளே பேட்டரி உப்பியிருந்தது. ஒயரை உருவினேன்.

அந்தப் பிளேயரில் என் மனைவியின் குரல் இருந்தது. ஏழு மாதங்களுக்கு முன் தொண்டையில் வந்த கட்டிக்காக அவளுடைய குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அறுவைக்கு முந்தைய வாரம், தினமும் சொல்லும் வாக்கியங்களைப் பதிந்து வைக்கச் சொன்னார் பேச்சுப் பயிற்சியாளர். சாப்பிட்டீங்களா, குடை எடுத்தீங்களா, லிஃப்டைப் பிடிங்க. ஐந்து நாள் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். கடைசி நாள் என்னிடம் கேட்டாள்.

"இதுக்கெல்லாம் இன்னொரு காப்பி எடுத்து வச்சீங்களா?"

"எடுத்தாச்சு," என்றேன்.

எடுத்திருக்கவில்லை. மறுநாள் செய்யலாம் என்று இருந்தேன். அறுவைக்குப் பிறகு அந்தக் கோப்புகளைத் திறக்கத் தைரியம் வரவில்லை. அவளும் கேட்கவில்லை, சின்ன வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டிப் பழகிவிட்டாள். செய்தியறையில் இருந்த காலத்தில் ஒரு பேட்டியைக்கூட நான் ஒரே இடத்தில் வைத்ததில்லை.

முன்பு என்னிடம் இருந்தது வேறு மாதிரி. பிளேயர் தனி, ஒலியைக் கூட்டும் ஆம்ப் தனி, கழற்றி மாட்டும் பேட்டரி, பாட்டெல்லாம் ஒரு மெமரி கார்டில். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவைத்திருப்பேன். ரயிலில் எடுத்தால் பக்கத்தில் இருப்பவர் சற்று நகர்ந்து உட்காருவார். "பாட்டு கேக்கப் போறீங்களா, ஆபரேஷன் பண்ணப் போறீங்களா?" என்பாள் மனைவி. அவள்தான் பிறகு இந்த ஒற்றைப் பெட்டியை வாங்கித் தந்தாள். ஆம்ப், பேட்டரி, மைக், நினைவகம் எல்லாம் உள்ளேயே. கார்டு போட இடமில்லை. வெளியே ஒரு திருகாணி தெரியாது, பசையால் ஒட்டியது. கைக்கு அடக்கமாக இருந்தது. எனக்கும் பிடித்திருந்தது.

என் பழைய செட்டுக்கு பேட்டரி விற்ற பாய்க்குப் போன் போட்டேன். லிட்டில் இந்தியாவின் டன்லப் ஸ்திரீட்டில் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். விடியற்காலைத் தொழுகை முடித்து விழித்திருந்தார்.

"கம்ப்யூட்டர்ல சொருகி எடுத்துடவா, பாய்?"

"சொருகவே சொருகாதீங்கண்ணே. ஃபைல் போற வழியும் கரண்ட் வர்ற வழியும் ஒண்ணுதான். உப்பின பேட்டரி எப்ப வேணா பத்திக்கும். அழுத்தாதீங்க. இறுக்கி மூடாதீங்க. கடைக்குக் கொண்டு வாங்க, ஆனா ரயில்ல ஏறிடாதீங்க."

கிளம்பும்வரை அதை எங்கே வைப்பது? சிங்கப்பூர் அடுக்குமாடி வீடுகளில் போர்க்காலப் பாதுகாப்புக்கென்று கட்டும், இரும்புக் கதவு போட்ட பாம் ஷெல்டர்தான் தோன்றியது. எல்லா வீட்டையும் போல எங்கள் வீட்டிலும் அது சாமான் அறை. உள்ளே வைத்துவிட்டுக் கதவை இழுக்கும்போது மனைவி எழுந்து வந்தாள். நான் பிளேயரை வைத்திருந்த இடத்தைப் பார்த்தாள். நான் எழுதிய செய்திகள் வந்த பழைய பேப்பர் கட்டின்மேல். பலகையில் எழுதினாள்: "நீங்க எழுதினதைக் கொளுத்த இவ்வளவு அவசரமா?"

வெளியே எடுத்தேன். அவள் இப்போது மூச்சு விடுவது கழுத்தில் உள்ள துளை வழியாக. புகை வந்தால் நேராக நுரையீரலுக்குப் போகும். வீட்டில் இரு என்றேன். செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

ஈரமில்லாத அலுமினியத் தட்டில் பிளேயரை வைத்து டாக்சியில் ஏறினோம். ஓட்டுநரிடம் விஷயத்தைச் சொன்னேன். நான்கு ஜன்னல்களையும் இறக்கினார். சுவா சூ காங்கிலிருந்து லிட்டில் இந்தியா வரை ஒவ்வொரு திருப்பத்திலும் வேகத்தைக் குறைத்தார். நான் தட்டை மடியில் வைத்து இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது பெரிதானதா, எனக்கு அப்படித் தெரிந்ததா, இன்றும் சொல்ல முடியாது.

பாய் மேசையைத் துடைத்து, மீன் குழம்புச் சட்டி ஒன்றில் பாதிவரை மணல் கொட்டி வைத்திருந்தார்.

"அக்கா வெளிய நிக்கட்டும் லா," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "காப்பி இருக்குல்லண்ணே? கை தப்பிட்டா போர்டும் சேந்து போயிடும்."

மனைவி வாசலில்தான் நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள்.

"இல்ல, பாய்," என்றேன்.

அவள் பேனா மூடியைத் திறந்தாள். மூடினாள்.

சூடு காட்டக் கூடாது என்பதால் பாய் ஓரமெல்லாம் ஸ்பிரிட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டார். காலாவதியான பயண அட்டை ஒன்றை மெலிதாக வெட்டி வைத்திருந்தார்; அதை நுழைத்து நகர்த்தினார். திரை கழன்று வந்தது. கீழே வெள்ளிநிறப் பேட்டரி, தலையணை போல. அதை ஒட்டியே போர்டு. போர்டில் கறுப்பாக ஒரு சில்லு, கட்டைவிரல் நகத்தைவிடச் சின்னது.

"அதுலதான் அக்கா குரல் இருக்கு," என்றார் பாய். "கொஞ்சம் தள்ளி வச்சிருக்கலாம் இவனுங்க."

அட்டை பேட்டரிக்கு அடியில் போனபோது ஒரு வாசம் வந்தது, நகப்பூச்சு அழிக்கும் திரவம்போல, இனிப்பாக. பாய் கையை நிறுத்தினார். "அக்கா, தள்ளிப் போங்க," என்றார். அவள் அசையவில்லை. மூக்கு வழியாகக் காற்று போகாததால் அவளுக்கு இப்போது வாசனை தெரியாது. ஓடிப்போய்த் தோளைப் பிடித்து கடைகளின் முன்னால் கூரை போட்ட ஐந்தடிப் பாதையின் தூண்வரை தள்ளிக்கொண்டு போனேன். அங்கே நின்று கடையைப் பார்த்தோம். பாயின் முதுகு மட்டும் தெரிந்தது.

பிறகு அவர் பேட்டரியை மணலில் போட்ட சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். வெறுங்கையோடு திரும்பி வந்து எங்களை உள்ளே கூப்பிட்டார்.

பேட்டரி இருந்த இடத்தில் சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஒயர்களைப் பற்றவைத்து மேசைமேல் இருந்த பவர் பெட்டியோடு சேர்த்தார். திரை ஒரு பக்கம், போர்டு ஒரு பக்கம், கரண்ட் ஒரு பக்கம். என் பழைய செட் மாதிரியே பரப்பிக் கிடந்தது. திரை எரிந்தது. கோப்புகளைத் தன் கணினி வழியாக இரண்டு மெமரி கார்டுகளில் ஏற்றினார்.

"ஃபைல் கெட்டிருக்கலாம். ஒண்ணு போட்டுப் பாத்துக்கலாம்ணே."

"கதவைப் பூட்டினீங்களா?" என்று கேட்டது கணினி, என் மனைவியின் குரலில்.

பாய் சட்டென்று கடைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். மனைவியின் தோள்கள் குலுங்கின. அவள் சிரித்தால் சத்தம் வராது.

பாய் கார்டுகளை என் பக்கம் நீட்டினார். அவள் கை முந்திக்கொண்டது. இரண்டு கார்டுகளும் அவளுடைய கைப்பையில் இருக்கின்றன.